குரூகர் காட்டின் முதல் காப்பாளர்: ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹமில்டன்

தொலைக்காட்சியில் ஆபிரிக்கக் காட்டைக் காட்டத் தொடங்கினால் எங்கட பிள்ளைகள் சாப்பாட்டையும் மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிங்கம் நிழலில் படுத்திருக்கும். யானைக் கூட்டம் ஆற்றில் இறங்கும். ஒட்டகச்சிவிங்கி முள்மரத்தின் உச்சியை எட்டி மேயும். இதெல்லாம் ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்கள் நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் நூற்றி இருபது வருடத்துக்கு முன்னர் தென்னாபிரிக்காவின் அந்தக் காடு அநேகமாக வெறுங்காடாய்க் கிடந்தது. அதை மீண்டும் விலங்குகளால் நிரப்பியவர் ஒரு குதிரைப்படை அதிகாரி. அவருடைய கதை ஒரு நல்ல மனிதரின் கதை. அதேநேரம், சனத்தை வீட்டிலிருந்து எழுப்பிய ஒருவரின் கதையும்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மைக் கதையாகும்.

பிறப்பும் படையும்

ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹமில்டன் 1867ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். ஆனால் குடும்பம் ஸ்கொட்லாந்துக் குடும்பம். லனார்க்ஷயரில் ஃபெயர்ஹோம் என்ற பரம்பரைக் காணியும் பெரிய வீடும் இவர்களுக்கு இருந்தன. றக்பி பாடசாலையில் படித்து, சாண்ட்ஹேர்ஸ்ட் படைக்கல்லூரியில் பயிற்சி முடித்து, 1888இல் இனிஸ்கிலிங் குதிரைப்படையில் அதிகாரியாய்ச் சேர்ந்தார். முதன்முதல் போன இடமே தென்னாபிரிக்காவின் நேற்றால். பத்து வருடம் கழித்து, 1898இல், சாம்பெசி ஆற்றுப் பகுதிகளை ஆராயப் போன ஒரு பயணக் குழுவிலும் சேர்ந்துகொண்டார். ஆபிரிக்கக் காடு அவருடைய மனதைப் பிடித்துக்கொண்டது அந்த நாட்களில்தான்.

பிறகு 1899இல் ஆங்கிலேயருக்கும் போவர்களுக்கும் யுத்தம் மூண்டது. இவரும் சண்டைக்குப் போனார். 1902இல் யுத்தம் முடிந்தபோது இவருக்கு வயது 34. மற்ற அதிகாரிகளைப்போலக் கப்பலேறி ஊருக்குப் போய், பரம்பரைக் காணியைப் பார்த்துக்கொண்டு வசதியாய் இருந்திருக்கலாம். மனுசன் போகவில்லை. சாபி என்னும் வேட்டைத் தடைக் காட்டுக்கு ஒரு காப்பாளர் தேவை என்று கேள்விப்பட்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். இரண்டு வருடத்துக்கென்று போனவர் நாற்பத்து நான்கு வருடம் இருந்துவிட்டார்.

வெறுமையாய்க் கிடந்த காடு

சாபி காட்டைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும். மொசாம்பிக் எல்லையோரமாய் லெபொம்போ மலைத்தொடருக்கு மேற்கே கிடக்கும் சூடான தாழ்நிலம் அது. மழைக்காலத்தில் மலேரியாக் காய்ச்சல் மோசமாக இருந்தபடியால் வெள்ளைக்காரர் அங்கே நிரந்தரமாய்க் குடியிருக்கப் பயந்தார்கள். குளிர்காலத்தில் மட்டும் வண்டியும் துவக்குமாய் வந்து தோலுக்கும் இறைச்சிக்கும் கொம்புக்கும் தந்தத்துக்கும் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனார்கள். போதாதற்கு 1896இல் கால்நடைக் கொள்ளை நோய் வந்து மாடுகளையும் எருமைகளையும் மான்களையும் அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சியதையாவது காப்பாற்றுவோம் என்று, போல் குரூகர் ஜனாதிபதியாய் இருந்த ட்ரான்ஸ்வால் அரசு 1898 மார்ச் 26ஆம் திகதி சாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வேட்டையைத் தடைசெய்தது. அடுத்த வருடமே யுத்தம் வந்துவிட்டது. சட்டம் கடதாசியிலேயே கிடந்தது. இரண்டு பக்கத்துப் படைகளும் பசிக்குச் சுட்டுத் தின்றன.

இப்படியான இடத்துக்குத்தான் 1902 ஜூலையில் ஸ்டீவன்சன் ஹமில்டன் மாட்டு வண்டியோடு போய் இறங்கினார். என்ன செய்யவேண்டும் என்று மேலதிகாரிகள் விபரமாய் ஒன்றும் சொல்லவில்லை. களவு வேட்டைக்காரருக்குத் தொல்லை கொடுக்கவேண்டும் என்பதுதான் கிடைத்த அறிவுறுத்தலின் சாரம். நாட்கணக்கில் குதிரையில் போயும் சில மான்களைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. யானை என்பது அந்தக் காட்டில் அறவே இல்லை.

சாபி ஆற்றங்கரையில், பாதியில் நின்றுபோன ஒரு றெயில் பாதையின் அருகே, யுத்தகாலத்துக் காவலரண் ஒன்று இருந்தது. அதையே தன்னுடைய தலைமை இடமாக்கிக்கொண்டார். விரைவிலேயே சாபி காட்டுக்கு வடக்கே கிடந்த நிலமும், 1903இல் பிரகடனம் செய்யப்பட்ட ஷிங்வெட்சி காடும் இவருடைய பொறுப்புக்கு வந்தன. அவ்வளவு பெரிய பரப்புக்கு இருந்தது கையால் எண்ணக்கூடிய சில வெள்ளைக் காவலர்கள். அவர்களுக்குக் கீழே, ஊர் ஊராய்க் கால்நடையாய்ச் சுற்றிக் காவல் செய்த கறுப்பின ஊழியர்கள். பாதச்சுவடு பார்ப்பதும், கள்ள வேட்டைக்காரரைப் பின்தொடர்ந்து பிடிப்பதும், இரவில் காட்டுக்குள் படுப்பதும் பெரும்பாலும் அவர்களுடைய வேலை. புத்தகங்களில் அவர்களுடைய பேர்கள் குறைவு.

ஸ்குகுசா என்ற பேர்

இனித்தான் கதையின் கசப்பான பக்கம் வருகிறது.

அந்தக் காட்டில் விலங்குகள் மட்டும் இருக்கவில்லை. சொங்கா மொழி பேசும் சனமும் சுவாசி மக்களும் வேறு குடிகளும் தலைமுறை தலைமுறையாய் ஆற்றோரங்களில் சோளம் விதைத்து, மாடு வளர்த்து, பெற்றோரைப் புதைத்து வாழ்ந்து வந்தார்கள். விலங்குகள் பெருகவேண்டுமென்றால் மனிதர் இருக்கக்கூடாது என்று புதிய காப்பாளர் நம்பினார். முதல் ஒரு வருடத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகைச் சனத்தைச் சாபி காட்டிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பினார்.

அந்தச் சனம் இவருக்கு ஒரு பேர் வைத்தது. ஸ்குகுசா. துடைப்பத்தால் கூட்டித் துடைத்து எடுப்பவர் என்றும், எல்லாவற்றையும் தலைகீழாய்ப் புரட்டுபவர் என்றும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். களவு வேட்டைக்காரரைக் கூட்டித் தள்ளியதால் வந்த பேர் என்று சிலர் சொல்வார்கள். வீட்டையும் காணியையும் விட்டு நடந்த சனத்துக்கு அந்தப் பேர் எப்படிக் கேட்டிருக்கும் என்பது எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1936இல் அந்தச் சாபி ஆற்றங்கரை முகாமுக்கே ஸ்குகுசா என்று பேர் சூட்டினார்கள். இன்றைக்கும் குரூகர் பூங்காவின் தலைமை முகாம் அதுதான். அங்கே போகும் உல்லாசப் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பேரின் கதை தெரியும்?

சில வருடங்களில் இவருடைய எண்ணம் கொஞ்சம் மாறியது. 1905 அளவில், காட்டுக்குள் மிஞ்சியிருந்த சனத்தையும் புதிதாய்ச் சேர்ந்த நிலங்களில் இருந்த சனத்தையும் இருக்க விட்டார். அது முழுக்க இரக்கத்தால் அல்ல. அவர்கள் கட்டிய வாடகையும் கொடுத்த உழைப்பும் பூங்காவுக்குத் தேவைப்பட்டன. மொசாம்பிக்கிலிருந்து ஜொஹானஸ்பேர்க் தங்கச் சுரங்கங்களுக்கு வேலை தேடி அனுமதியில்லாமல் எல்லை கடந்து வந்தவர்கள் இந்தக் காட்டில் பிடிபட்டால், சில கிழமைகள் தண்டனை வேலை செய்யவேண்டும். அதன்பிறகுதான் பாஸ் கிடைக்கும். பூங்காவின் ஆரம்பகாலப் பாதைகள் பலவற்றில் இப்படிப்பட்டவர்களின் வியர்வை கிடக்கிறது.

சட்டம் எல்லாருக்கும் ஒன்று

அதேநேரம் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். சட்டத்தை ஏழையின் தலையில் மட்டும் போடுகிற ஆள் இவர் அல்ல. காட்டுக்குள் வேட்டையாடிய வெள்ளைப் பொலிஸ் அதிகாரிகளையே வழக்குக்கு இழுத்தார். அதனால் அதிகார வட்டாரங்களில் பகை வந்தது. மனுசன் அசையவில்லை.

இவருடைய காவலர்களில் ஹரி வூல்ஹூட்டர் என்பவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1903 ஓகஸ்ட் மாதம், இருட்டுகிற நேரம், குதிரையில் தனியாய் வந்துகொண்டிருந்தவரைச் சிங்கம் பாய்ந்து விழுத்தியது. வலது தோளைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. இழுபட்டபடியே இடது கையால் இடுப்புக் கத்தியை உருவிச் சிங்கத்தைக் குத்திக் கொன்றார். பிறகு மரத்தில் ஏறி, மயங்கி விழாமலிருக்கத் தன்னைக் கிளையோடு கட்டிக்கொண்டார். இரண்டாவது சிங்கம் ஒன்று மரத்தடிக்கு வந்தபோது அவருடைய நாய் குரைத்துக் குரைத்து அதை நெருங்கவிடவில்லை. அந்தக் கத்தியை ஸ்குகுசாவில் இன்றும் பார்க்கலாம். அவ்வளவு காயத்துக்குப் பிறகும் வூல்ஹூட்டர் நாற்பது வருடத்துக்கு மேல் அதே காட்டில் வேலை செய்தார்.

சிங்கத்தைப் பற்றி ஸ்டீவன்சன் ஹமில்டன் தன் கருத்தை மாற்றிக்கொண்டது இன்னொரு முக்கியமான விசயம். ஆரம்பத்தில், மான்கள் பெருகட்டும் என்று சிங்கம், சிறுத்தை, காட்டு நாய் எல்லாவற்றையும் சுடுவித்தார். அந்தக் காலத்தில் எல்லா இடமும் அதுதான் வழக்கம். வருடக்கணக்காய்க் கவனித்துப் பார்த்த பிறகு, தின்னும் விலங்கும் தின்னப்படும் விலங்கும் ஒன்றையொன்று சமநிலையில் வைத்திருக்கின்றன என்று அவருக்கு விளங்கியது. பிறகு சிங்கத்தைச் சுடுவதைக் கைவிட்டார். சுற்றியிருந்த பண்ணைக்காரர் சத்தம்போட்டார்கள். இயற்கையை அதன்பாட்டில் விடவேண்டும் என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

யானைகளும் தாங்களாகவே திரும்பி வந்தன. 1905 அளவில் லெட்டாபா ஆற்றுப் பக்கம் யானையின் சுவடு தென்பட்டது. மொசாம்பிக் பக்கமிருந்து எல்லை கடந்து வந்த யானைகள் அவை. ஒருவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. இன்றைக்கு அந்தப் பூங்காவில் இருபதாயிரத்துக்கும் அதிகமான யானைகள் இருக்கின்றன என்றால், தொடக்கம் எல்லை தாண்டி வந்த அந்தச் சிறு கூட்டம்தான்.

பூங்கா பிறந்த கதை

முதலாம் உலக யுத்தம் வந்ததும் இவர் மீண்டும் படைக்குப் போனார். கலிப்பொலிச் சண்டையில் இருந்தார். பிறகு சூடானின் தெற்குப் பகுதியில் நிர்வாகியாய் இருந்தார். 1920இல் திரும்பிவந்து பார்த்தால் காடு ஆபத்தில் இருந்தது. ஆடு மேய்க்கப் புல்வெளி கேட்டவர்கள் ஒரு பக்கம். நிலக்கரி தேடியவர்கள் இன்னொரு பக்கம். தங்கள் காணிகளைத் திறந்துவிடக் கேட்ட நிலக் கொம்பனிகள் மற்றப் பக்கம். வேட்டைத் தடைக் காடு என்றால் நாளைக்கே ஒரு கையெழுத்தில் ரத்துச் செய்துவிடலாம். பாராளுமன்றச் சட்டத்தால் தேசியப் பூங்காவாக்கினால்தான் தப்பும் என்று இவர் கண்டுகொண்டார்.

அதற்குச் சனத்தின் ஆதரவு வேண்டும். இங்கேதான் றெயில் உதவிக்கு வந்தது. 1923இல் தென்னாபிரிக்க றெயில்வே ஒன்பது நாள் சுற்றுலா ஒன்றைத் தொடங்கியது. றெயில் இரவில் இந்தக் காட்டுக்குள் தரித்துப் போகும். பயணிகளுக்குப் பழத்தோட்டங்களைவிட இந்தக் காடுதான் கூடப் பிடித்தது. விலங்கைச் சுடத்தான் ஆட்கள் வருவார்கள், பார்க்கவும் வருவார்களா என்று கேட்டவர்களுக்கு அதோடு பதில் கிடைத்தது.

1926 மே 31ஆம் திகதி தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பீட் குரொப்லர், குரூகரின் உறவினர். பூங்காவுக்குக் குரூகரின் பேரையே வைத்தார்கள். குரூகர் விலங்குகளை இறைச்சியாய் மட்டுமே கண்டிருப்பார் என்பதுதான் ஸ்டீவன்சன் ஹமில்டனின் தனிப்பட்ட அபிப்பிராயம். ஆனாலும் அந்தப் பேர் வைத்தால் போவர் சனம் பூங்காவைத் தங்களுடையது என்று நினைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தான் எதிர்த்துச் சண்டைபோட்ட பக்கத்துத் தலைவரின் பேரை வாய்திறக்காமல் ஏற்றுக்கொண்டார்.

1927இல் முதன்முதல் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்தபோது அந்த வருடம் முழுக்க வந்தது மூன்றே மூன்று கார்கள். அடுத்த வருடம் 180. 1929இல் 850. அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. ஆனால் அந்தச் சுற்றுலா நீண்டகாலம் வெள்ளையருக்கானதாகவே இருந்தது. கறுப்பு மக்கள் அங்கே கண்டது பெரும்பாலும் வேலையைத்தான். நேற்றாலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட எங்கட தமிழ்ச் சனத்தின் பிள்ளைகளும் வெள்ளையரல்லாதவர் என்ற பட்டியலில்தான் நின்றார்கள்.

கடைசிக் காலம்

1930இல், அறுபதைக் கடந்த வயதில், ஹில்டா என்ற ஓவியப் பெண்மணியை மணந்தார். 1937இல் தன் காட்டு அனுபவங்களைப் புத்தகமாய் வெளியிட்டார். பூங்கா பெருக்கப் பெருக்க, கார்களும் விடுதிகளும் கூடக் கூட, அவருக்குச் சந்தோசமும் கவலையும் சேர்ந்தே வந்தன. காடு சந்தையாய்ப் போய்விடுமோ என்று பயந்தார். 1946 ஏப்ரலில் ஓய்வுபெற்று, பூங்காவுக்கு அருகே வைட் றிவர் என்ற ஊரில் குடியிருந்தார். 1957 டிசம்பர் 10ஆம் திகதி, தொண்ணூறாவது வயதில் காலமானார். பின்னாளில் மனைவியும் இறந்த பிறகு, இருவருடைய சாம்பலையும் ஸ்குகுசாவுக்குத் தெற்கே ஷிரிமன்டங்கா என்ற கற்குன்றில் தூவினார்கள். அயர்லாந்தில் பிறந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கு ஊர் என்றால் கடைசியில் அந்தக் குன்றுதான்.

வேலி போட்டார்கள், வேலி கழற்றினார்கள்

அவர் போன பிறகும் கதை முடியவில்லை. 1969இல், நிறவெறி அரசு பூங்காவின் வடக்கு முனையான பஃபூரியிலிருந்து மகுலேகே என்ற குடிகளை, ஏறக்குறைய மூவாயிரம் பேரை, லொறிகளில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விட்டது. தென்னாபிரிக்கா, மொசாம்பிக், சிம்பாப்வே மூன்றும் சந்திக்கும் இடம் அது. 1970களில் மொசாம்பிக் எல்லையில் வேலி வந்தது. யானை நடந்த பாதைகள் அறுந்துபோயின. ஒரே மொழி பேசும் உறவுகளும் இரண்டு பக்கமாய்ப் போயின.

1977இல் தொடங்கி 1992வரை மொசாம்பிக்கில் உள்நாட்டு யுத்தம். உயிர் தப்ப ஓடிவந்த சனம் இரவிரவாய் அந்த வேலியைக் கடந்து, பிள்ளைகளைச் சுமந்துகொண்டு, இதே குரூகர் காட்டுக்குள்ளால் நடந்தது. சிலர் சிங்கத்துக்கு இரையானார்கள். தென்னாபிரிக்க அரசு அவர்களை அகதிகள் என்று ஏற்றுக்கொண்டதோ 1993இல்தான். விலங்குக்குப் புகலிடம் என்று பேரெடுத்த காடு, மனிதருக்கு அப்படி இருக்கவில்லை. இந்த வரிகளை வாசிக்கும்போது எங்களில் பலருக்குத் தாங்கள் கடந்துவந்த காடும் இரவும் நினைவுக்கு வரும்.

பிறகு காலம் மாறியது. எல்லைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பூங்காவாக்க வேண்டும் என்ற யோசனையை 1938இலேயே கோமெஸ் டி சூசா என்ற போர்த்துக்கேய ஆய்வாளர் முன்வைத்திருந்தார். 1997இல் அன்ரன் ரூபேர்ட், நெதர்லாந்து இளவரசர் பேர்ன்ஹார்ட், நெல்சன் மண்டேலா ஆகியோர் சேர்ந்து சமாதானப் பூங்கா அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2001 ஒக்டோபரில் மண்டேலா தன் கையாலேயே கதவைத் திறந்து, குரூகர் யானைகள் 25ஐ மொசாம்பிக் பக்கம் அனுப்பும் வேலையைத் தொடக்கிவைத்தார். அதில் சில யானைகள் திரும்பவும் பழைய இடத்துக்கே நடந்து வந்துவிட்டன. 2002 டிசம்பர் 9ஆம் திகதி மூன்று நாட்டு ஜனாதிபதிகளும் கையெழுத்திட்டுப் பெரிய லிம்போபோ எல்லைகடந்த பூங்கா உருவானது. குரூகர், மொசாம்பிக்கின் லிம்போபோ, சிம்பாப்வேயின் கொனரெசூ மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 35,000 சதுர கிலோமீற்றர். வேலியின் சில பகுதிகளும் கழற்றப்பட்டன.

ஆனால் பாருங்கோ, பழைய பிழை புதிய சட்டையோடு வந்து நின்றது. மொசாம்பிக் பக்கப் பூங்காவுக்குள் ஷிங்வெட்சி ஆற்றோரக் கிராமங்களில் ஏழாயிரம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். யானைக்கு எல்லை திறந்தபோது அந்தச் சனத்தை வேறிடம் குடியேற்றும் பேச்சுத் தொடங்கியது. அது வருடக்கணக்காய் இழுபட்டது. 1902இல் ஸ்குகுசா கூட்டிய அதே துடைப்பம்தான்.

மகுலேகே மக்களின் கதை மட்டும் வேறு மாதிரி முடிந்தது. நிறவெறி ஆட்சி போன பிறகு அவர்கள் தங்கள் காணியைக் கேட்டு வழக்காடினார்கள். 1998இல் இருபதினாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் அவர்களுடைய பேருக்குத் திரும்பி வந்தது. திரும்பக் கிடைத்தால் காட்டை வெட்டி அழித்துவிடுவார்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் அழிக்கவில்லை. நிலம் எங்களுடையது, காடு காடாகவே இருக்கட்டும், வருமானம் ஊருக்கு வரட்டும் என்று முடிவெடுத்தார்கள். இன்று அந்தக் காணி பூங்காவின் பகுதியாகவே இருக்கிறது, ஆனால் உரித்து அவர்களுடையது.

ஸ்டீவன்சன் ஹமில்டன் இல்லாவிட்டால் அந்த யானைகளும் சிங்கங்களும் இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்காக உலகம் அவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் காட்டைக் காக்க அங்கே வாழ்ந்த சனத்தை எழுப்பவேண்டும் என்று அவர் நினைத்தது பிழை. அந்தப் பிழையைத் திருத்திக் காட்டியவர்கள் படித்த நிபுணர்கள் அல்ல, எழுப்பப்பட்டு முப்பது வருடம் காத்திருந்து திரும்பி வந்த குடிகள். பிள்ளைகளோடு சேர்ந்திருந்து அடுத்தமுறை தொலைக்காட்சியில் அந்தக் காட்டைப் பார்க்கும்போது, யானையோடு சேர்த்து அவர்களையும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ.